டிரிவன்டேட்டா: டேட்டா சயின்ஸை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த ஒரு தளம்

எந்த வாடிக்கையாளர் சந்தாவை நிறுத்தப் போகிறார் என்று கணிப்பதுதான் அலுவலகத்தில் என் வேலை. அதே திறமையை வைத்து, எந்த ஊர் அடிபம்பில் தண்ணீர் வராமல் போகும் என்றும் கணிக்கலாம். இப்படிப்பட்ட வேலைக்கு வீட்டிலிருந்தே வழி செய்து தருகிற தளம் டிரிவன்டேட்டா. இதில் சேரலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் சேருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அங்கே காட்டப்படும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போய்விடும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2014ல் தொடங்கிய போட்டித் தளம் இது. சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்ற துறைகளில் வேலை செய்யும் அமைப்புகள் தங்கள் பிரச்சினையையும் டேட்டாவையும் கொண்டுவருகின்றன. யார் வேண்டுமானாலும் மாடல் கட்டி, அதாவது பழைய டேட்டாவிலிருந்து கற்றுக் கணிக்கும் நிரலை உருவாக்கி, கணிப்புகளை அனுப்பலாம். கேகிள் என்ற பிரபலமான டேட்டா சயின்ஸ் போட்டித் தளத்தில் பழகியவர்களுக்கு அமைப்பு உடனே பிடிபடும். பரிசுப் போட்டிகளில் வென்றவர்களின் நிரல்கள் பிறகு எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடப்படுகின்றன. பரிசில்லாத பயிற்சிப் போட்டிகளும் உண்டு. புதிதாக வருகிறவர் அங்கேதான் தொடங்க வேண்டும், அதிலும் டான்சானியாவின் தண்ணீர்க் குழாய்ப் போட்டியில்.

அந்நாட்டு நீர்வள அமைச்சகமும் டாரிஃபா என்ற அமைப்பும் திரட்டிய டேட்டா அது. பொதுக்குழாய், அடிபம்பு என்று 59,400 தண்ணீர் இடங்களின் விவரம் பயிற்சிக்குக் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் மூன்றில் ஒரு நிலையில் இருக்கிறது: வேலை செய்கிறது, வேலை செய்கிறது ஆனால் பழுது பார்க்க வேண்டும், வேலை செய்யவில்லை. இன்னும் 14,850 இடங்களுக்கு அந்த நிலையை நாம் கணிக்க வேண்டும்.

இந்த டேட்டாவைத் திறந்து பார்த்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும். குழாய் எந்த ஆண்டு அமைக்கப்பட்டது என்ற நெடுவரிசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பூஜ்யம்தான். பழைய குழாய் பழுதாகும் வாய்ப்பு அதிகம் என்று யாருக்கும் தோன்றும், ஆனால் அந்த வயதே பல இடங்களுக்குத் தெரியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களின் தீர்க்கரேகையும் பூஜ்யம், அட்சரேகையும் கிட்டத்தட்ட பூஜ்யம். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அவை ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் போய் விழுகின்றன. அந்த வரிகளில் மாகாணத்தின் பெயர் என்ன என்று பார்த்தேன். முவான்சா, ஷின்யாங்கா. இரண்டும் விக்டோரியா ஏரிக்குத் தெற்கே உள்ளவை. சரி, மாகாணம் தெரிகிறது என்றால் அதற்குள் எந்த மாவட்டம் என்றும் பார்த்து, தோராயமான இடத்தையாவது நிரப்பலாம். இதை விட்டுவிட்டு நேராக மாடலுக்குள் கொட்டினால், இரண்டு மாகாணத்து மக்களின் குழாய்கள் கடலுக்குள் இருப்பதாகவே மாடல் நம்பும்.

குழாயை அமைத்தது யார் என்ற நெடுவரிசை இன்னொரு காடு. அரசு அமைத்தது என்பதே ஓரிடத்தில் முழுச் சொல்லாக, ஓரிடத்தில் பாதியில் அறுந்து, வேறிடத்தில் எல்லாம் பெரிய எழுத்தாக வருகிறது. கணினிக்கு அவை தனித்தனி ஆட்கள். அப்புறம் தண்ணீர் அளவைச் சொல்லும் நெடுவரிசை இரண்டு பெயர்களில் இரண்டு முறை இருக்கிறது, உள்ளே மதிப்புகள் ஒன்றேதான். பதிவு செய்தவர் யார் என்பதிலோ எல்லா வரியிலும் ஒரே நிறுவனம். சுத்தம் செய்து கொடுத்த பாடநூல் டேட்டாவில் இந்தப் பயிற்சி கிடைக்காது. மோட்டார் சைக்கிளிலோ நடந்தோ போய், கையில் கருவியோடு குறித்து வந்தவர்களின் வேலை எப்படி நம் திரைக்கு வந்து சேர்கிறது என்பதை இங்கேதான் நான் பார்த்தேன். இந்தத் தளத்துக்கு நான் கொடுக்கும் நல்ல மதிப்பெண்ணில் பெரும் பங்கு இதற்காகவே.

இப்போது குறைக்கு வருகிறேன். இந்தப் போட்டியில் நம் கணிப்பு அளக்கப்படுவது துல்லிய விகிதத்தால், அதாவது நூற்றுக்கு எத்தனை சரி என்பதால். பயிற்சி டேட்டாவில் சுமார் 54 சதவீதம் வேலை செய்பவை, 38 சதவீதம் வேலை செய்யாதவை, பழுது பார்க்க வேண்டியவை 7 சதவீதம்தான். எல்லாமே வேலை செய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால்கூட 54 கிடைத்துவிடும். பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற மாடலைக் கொஞ்சம் கவனித்துக் கட்டினால் 81ஐத் தொடும். அதற்குமேல் லீடர்போர்டில், அதாவது போட்டியாளர்களின் தரவரிசைப் பட்டியலில், நடப்பதெல்லாம் தசமப் புள்ளிக்குப் பின்னால் நடக்கும் சண்டை.

என் மாடலும் 81ஐத் தாண்டியது. வகை வகையாகப் பிரித்துப் பார்த்தால், பழுது பார்க்க வேண்டிய குழாய்களில் மூன்றில் ஒன்றைத்தான் அது பிடித்திருந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டது. ஆனால் மெக்கானிக்கை அனுப்ப வேண்டியவருக்கு அந்த 7 சதவீதம்தான் மிகவும் முக்கியம். இன்று ஒரு வாஷரையோ குழாய் இணைப்பையோ மாற்றினால் பிழைத்துக்கொள்ளும் குழாய்கள் அவை. விட்டால் அடுத்த கணக்கெடுப்பில் மூன்றாவது வகைக்குப் போய்விடும். நன்றாக ஓடும் குழாயைப் பழுது என்று சொன்னால் ஒருவருக்கு ஒரு வீண் அலைச்சல். பழுதை நன்று என்று சொன்னால் ஓர் ஊரே தண்ணீருக்குத் தொலைவு நடக்க வேண்டும். இந்த இரண்டு தவறுக்கும் துல்லிய விகிதம் ஒரே விலை போடுகிறது.

அதனால் இதே டேட்டாவில் நான் இரண்டாவதாக ஒரு மாடல் கட்டினேன். பழுது வகைக்கு அதிக எடை கொடுத்ததும் லீடர்போர்டு மதிப்பெண் இறங்கியது, பிடிபட்ட பழுதுகள் கூடின. எனக்கு இந்த இரண்டாவது மாடல்தான் பிடித்திருக்கிறது. சேர்கிற ஒவ்வொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

டெங்குப் போட்டியிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வருகிறது. பியூர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான், பெருவின் இகிடோஸ் என்று இரண்டு நகரங்கள். வெப்பம், மழை, ஈரப்பதம், தாவரப் பசுமை ஆகியவற்றை வைத்து வாராவாரம் எத்தனை பேருக்கு டெங்கு வரும் என்று சொல்ல வேண்டும். மழை பெய்த வாரத்திலேயே நோயாளிகள் கூடிவிடமாட்டார்கள். முட்டை கொசுவாகி, கடித்து, காய்ச்சலாக வெளிப்பட வாரங்கள் ஆகும். எனவே பழைய வாரங்களின் வானிலையைக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் உங்கள் புத்தி வேலை செய்ய வேண்டும். அளவுகோல் சராசரிப் பிழை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து சராசரியாக எவ்வளவு விலகியது என்பது. பெரும்பாலான வாரங்கள் அமைதியானவை என்பதால், மாடல் எப்போதும் அமைதியான எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தாலும் மதிப்பெண் மோசமாகாது. மருத்துவமனை படுக்கைகளைத் தயார் செய்பவருக்கு வேண்டியதோ நோய் வெடிக்கும் அந்தச் சில வாரங்கள். கணிப்பையும் உண்மையையும் ஒரே படத்தில் வரைந்து பாருங்கள், இது உடனே தெரியும்.

நேபாளத்தின் 2015 நிலநடுக்கத்தில் கட்டடங்களுக்கு ஏற்பட்ட சேதத்தைக் கணிக்கும் போட்டி என்னைக் குறைவாகவே ஈர்த்தது. அதில் கூரை, அடித்தளம் போன்றவற்றின் வகைகள் வெறும் எழுத்துகளாக மறைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கட்டடப் பொறியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அந்த எழுத்து எந்தக் கூரை என்று சொல்ல முடியாது. மாடல் பயிற்சிக்குச் சரி, வீடு ஏன் விழுந்தது என்று புரிந்துகொள்ள உதவாது.

போட்டி முடிந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் என்னை இங்கே இருக்க வைக்கிறது. காட்டில் வைத்த கேமராக்களின் வீடியோவில் எந்த விலங்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதிலிருந்து ஜாம்பா என்ற திறந்த மூலக் கருவி, அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கருவி, பிறந்தது. நிரல் எழுதத் தெரியாத வனவிலங்கு ஆய்வாளரும் பயன்படுத்தும்படி அதற்கு ஓர் இணையவழிச் சேவையும் வந்தது. ஆரம்பகாலப் போட்டி ஒன்றில், பள்ளி பட்ஜெட்டின் ஒவ்வொரு செலவு வரியும் எந்த வகை என்று பிரிக்க வேண்டியிருந்தது. அதில் வென்ற மாடல் பெரிய கணினி கேட்கும் நியூரல் நெட்வொர்க் கிடையாது, சொற்களையும் அவற்றின் சேர்க்கைகளையும் கவனமாக எடுத்துக் கொடுத்த லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற எளிய புள்ளியியல் முறை. பெரிய கணினி இல்லையே என்று தயங்கும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டியான் என்று டிரிவன்டேட்டா குழுவினரே உருவாக்கிய ஒரு சின்னக் கருவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டா கொடுத்தவர்கள் சம்மதித்தார்களா, தனிப்பட்ட விவரம் வெளியே போகுமா, யாருடைய பார்வை விடுபட்டிருக்கிறது, மாடலால் ஒருவர் பாதிக்கப்பட்டால் என்ன செய்வோம், தேவைப்பட்டால் மாடலை நிறுத்திவைக்க வழி இருக்கிறதா என்று கேள்விப் பட்டியலை உங்கள் திட்டத்துக்குள் சேர்த்துவிடும். அலுவலக வேலையிலும் நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

குழாய்ப் போட்டியின் லீடர்போர்டில் மொத்தத் துல்லியத்துக்குப் பக்கத்தில், பழுது வகையில் எத்தனை பிடிபட்டது என்று இன்னும் ஒரே ஒரு எண்ணைக் காட்டினால் போதும். அதைப் பார்த்தாவது பலர் அந்தக் குழாய்களைத் தேடத் தொடங்குவார்கள்.