வால்வு நாண்கள்வரை காட்டும் இதய மாதிரி

நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்க இந்தப் பிளாஸ்டிக் இதய மாதிரியை வாங்கினேன். முன்பக்கத்தைக் கழற்றினால் நான்கு அறைகளும் தெரியும். கொடுத்த காசுக்குப் பலன் இடது கீழறையில்தான். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் இரண்டு இதழ்களிலிருந்தும் மெல்லிய நாண்கள் இறங்கி, சுவரிலிருந்து எழும் இரண்டு பாப்பில்லரி தசைகளில் சேர்வதை அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருக்கிறார்கள்.

அந்தத் தசைகள்தான் வால்வை இழுத்து மூடுகின்றன என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூடுவது ரத்தத்தின் அழுத்தம். கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலறைக்குள் புரண்டுவிடாமல் நாண்களை இறுக்கிப் பிடிப்பதே தசைகளின் வேலை. மாரடைப்பில் அந்தத் தசை கிழிந்தால் ரத்தம் மேலறைக்கே திரும்பிப் பாய்ந்து, ஏன் திடீரென நுரையீரலில் நீர் கோக்கிறது என்பதை இதைக் கையில் வைத்தே விளக்கிவிடலாம்.

பெருந்தமனி வால்வுதான் சுமார். மூன்று இதழ்களும் ஒட்டிக்கொண்டிருப்பதால், அவற்றுக்குச் சற்று மேலே இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் கிளம்பும் துளைகள் தெரியவில்லை. இந்த வால்வுக்கு நாண்களே கிடையாது என்பதையாவது காட்ட முடிகிறது.

அப்புறம், காந்த இணைப்புகள் உறுதி, ஸ்டாண்டு லேசாக ஆடுகிறது. வகுப்பறைக்குத் தாராளமாக வாங்கலாம்.