45,000 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை: "உரிமை விளக்கக் கூட்டம்" என்று வருகிறவர்களிடம் கவனம்

கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பிள்ளையோ சகோதரமோ இருக்கிற மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் கட்டாயம் வாசியுங்கள். எங்களுக்கு 45,000 ரூபாய் போய்விட்டது. இடத்தின் பெயரைப் போடவில்லை, வீண் வழக்கு வரும் என்கிறார்கள். டவுனில் மாடியில் இருக்கிற ஒரு வெளிநாட்டு ஆலோசனை நிலையம், அவ்வளவுதான்.

தம்பி நியூயோர்க்கில், ஸ்டேட்டன் ஐலண்டில் இருக்கிறான். அசைலம் கேஸ், அதாவது அடைக்கலம் கேட்டுப் போட்ட வழக்கு, இன்னும் முடியவில்லை. ஐஸ் என்கிற அவர்களுடைய குடிவரவு அமுலாக்கல் பிரிவு கோர்ட் வாசலிலேயே ஆட்களைப் பிடிக்கிற வீடியோக்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியதிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த நிலையத்தின் நோட்டீஸ் வந்தது: உரிமை விளக்கக் கூட்டம், அனுமதி இலவசம். கல்லடியில் ஒரு மண்டபம். களுவாஞ்சிக்குடி, செங்கலடி, வாழைச்சேனை என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள், பெரும்பாலும் தாய்மார்.

சும்மா சொல்லக்கூடாது, பேசின ஆள் நன்றாகப் பேசினார். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான். ஐஸ் வந்து கதவைத் தட்டினால் உடனே திறக்கத் தேவையில்லை, ஆணையைக் கதவுக்குக் கீழால் தள்ளச் சொல்லலாம்; நீதிபதி கையெழுத்து வைத்த ஆணை வேறு, ஐஸ் அதிகாரியே கையெழுத்து வைக்கிற ஐ-200 தாள் வேறு; வீட்டுக்குப் பாதுகாப்பு அமெரிக்க அரசியலமைப்பின் 4வது திருத்தம், வாய் திறக்காமல் இருக்கிற உரிமை 5வது திருத்தம். நான் அங்கேயே போனில் தேடிப் பார்த்தேன், எல்லாம் சரி. "குடிவரவுக் கோர்ட்டில் அரசாங்கம் லோயர் பிடித்துத் தராது, நாமதான் பிடிக்கோணும்" என்றார். அதுவும் உண்மை. பொய்யே சொல்லாத மனுசன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், தேத்தண்ணி இடைவேளையில் அம்மாவின் கையைப் பிடித்து, "அம்மா, உங்கட மகன் எனக்கும் தம்பிதான்" என்றார். அம்மா அழுதுவிட்டா.

மறுகா வந்ததுதான் "பாதுகாப்புக் கோவை". அவர்களுக்கு நியூயோர்க்கில் லோயர் இருக்கிறாராம், தம்பியின் கேஸில் ஜி-28 போர்ம், அதாவது இவர்தான் இந்த ஆளின் லோயர் என்று அறிவிக்கிற போர்ம், போட்டுப் பொறுப்பெடுப்பாராம், பிடிபட்டால் ஒரு கோல் போதுமாம். 45,000. அம்மாவின் சீட்டுக் காசு, அப்படியே எண்ணிக் கொடுத்தா. அவர்களுடைய நிலையத்துச் சுவரில் வேலைவாய்ப்புப் பணியக லைசென்ஸ் ஒன்றும் தொங்கியது. அது வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற லைசென்ஸ், கேஸ் பேச அல்ல. அதை அப்போது யார் யோசித்தது!

கடைசியில் கைக்கு வந்தது ஒரு பிளாஸ்டிக் அட்டை. கூட்டத்தில் சொன்ன அதே உரிமைகள் ஆங்கிலத்தில். இந்த மாதிரிச் சிவப்பு அட்டைகளை அமெரிக்காவில் சட்ட உதவி அமைப்புகள் இலவசமாகக் கொடுக்கின்றன, இணையத்திலும் இறக்கிக்கொள்ளலாம். ஜி-28 என்றால் கேஸ்காரனே கையெழுத்து வைக்க வேண்டும். தம்பியிடம் கேட்டால், "எனக்கு ஒருத்தரும் ஒன்றும் அனுப்பேல்லையே அக்கா" என்கிறான்.

போன் எடுத்தால், "இப்ப அமெரிக்காவில இரவு அக்கா". பகல் ஆனதும், "சேர் கொழும்புக்குப் போயிட்டார், மறுகா எடுங்க". லோயரின் பெயரையாவது தாருங்கள் என்றால் இரகசியமாம்! அந்த நாட்டில் எந்த லோயரின் பெயரையும் அவருடைய மாநிலப் பதிவில் இணையத்திலேயே பார்க்கலாம், அதில் என்ன இரகசியம்? நேரில் போனோம். கவுண்டரில் இருந்த பிள்ளை எங்கள் பற்றுச்சீட்டையே திருப்பிக் காட்டி, "ஆலோசனைக் கட்டணம் என்றுதானே இருக்கு, ஆலோசனை தந்தாச்சே" என்றது. இப்போது என் நம்பரை பிளொக் பண்ணிவிட்டார்கள். ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கு 45,000 ரூபாய்!

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. கூட்டத்துக்குப் போங்கள், கேளுங்கள், காசை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். லோயரை அங்கே இருக்கிற ஆளே பிடிக்கட்டும். லோயர் இல்லையென்றால் அமெரிக்க நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதிகளின் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அங்கே இருக்கிற உங்கள் ஆளின் ஏ-நம்பரை (அமெரிக்கக் குடிவரவுப் பதிவு நம்பர், 9 இலக்கம்) வீட்டில் எழுதி வையுங்கள். யாரும் பிடிபட்டால் ஐஸின் தேடல் பக்கத்தில் அதையும் பிறந்த நாட்டையும் கொடுத்துப் பார்க்கலாம், காசு இல்லை. பற்றுச்சீட்டில் எதற்குக் காசு என்று முழுதாக எழுதாமல் கையை விட்டுக் காசு போகக்கூடாது. இங்கே முறைப்பாடு செய்ய சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள், நாங்களும் அங்கேதான் போகப் போகிறோம்.

அடுத்த கூட்டம் அக்கரைப்பற்றுப் பக்கமாம். அதே நோட்டீஸ், இடமும் திகதியும் மட்டும் வேறு. கல்லடியில் காசு கட்டினவர்கள் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள், அந்தக் கூட்டத்துக்கு முன்னம் எல்லாரும் சேர்ந்து பொலிஸுக்குப் போவோம்.