இத்தாலிய டீப்பாய்: ஒட்டிய காலா, சக்கரமா, பித்தளைச் சட்டமா?

பழைய இத்தாலியக் கண்ணாடி டீப்பாய் வாங்குகிறவர்கள் முதலில் வடிவமைப்பாளர் பெயரைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, கண்ணாடியும் உலோகமும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை. கோளாறு தொடங்குவது அந்த இடத்தில்தான். இங்கே பார்ப்பது அப்படிச் சேரும் மூன்று வகைகளை.

மார்கோ சானுசோ 1969இல் சானோட்டா நிறுவனத்துக்கு வடிவமைத்த 'மார்குசோ'வில் சட்டமே கிடையாது. கண்ணாடியின் அடியில் உலோக வட்டுகளை ஒட்டி, அவற்றில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கால்களைத் திருகியிருப்பார்கள். கார் சன்னல் கண்ணாடியில் உலோகத்தை ஒட்டும் முறையிலிருந்து வந்த யோசனை இது. மூன்றில் அழகு இதுதான், ஆபத்தும் இதுதான். சூடேறினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கண்ணாடியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அந்த இழுபறியை ஆண்டுக்கணக்கில் தாங்கும் பசை ஓரத்திலிருந்து விடத் தொடங்கும். கண்ணாடி வழியாக மேலிருந்து வட்டைப் பாருங்கள். வெளுப்பு, குமிழ், வானவில் நிற வளையம் தெரிந்தால் ஒட்டு பலவீனம். சூப்பர் குளூவால் மறுபடி ஒட்டியிருந்தால் வாங்கவே வேண்டாம். விறைத்து இறுகும் பசை விரிவுக்கு வளைந்து கொடுக்காது. நல்ல நிலையில் உள்ளதையும் தரையில் இழுக்கக் கூடாது. கால் நெம்புகோலாகி வட்டைப் பெயர்த்துவிடும்.

காயே அவுலென்தி 1980இல் ஃபொன்தானா ஆர்தே நிறுவனத்துக்குச் செய்த சக்கர டீப்பாய்க்கு மூலம், அந்தத் தொழிற்சாலையில் கண்ணாடி ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டி. தடித்த கண்ணாடி, அடியில் நான்கு தொழிற்சாலைச் சக்கரங்கள், அவ்வளவே. பசைக்கு வேலையில்லை. ஆனால் போல்ட் ஏறும் துளைகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்; மயிரிழை விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். உலோகம் கண்ணாடியை நேராகத் தொடாதபடி நைலான் அல்லது ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். நட்டை வெறியோடு முறுக்கினால் வாஷர் இருந்தும் பயனில்லை. பல காலம் ஒரே இடத்தில் நின்ற சக்கரத்தின் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும், தரையிலும் கறுப்புக் கோடு விழும். சக்கரத்தை மாற்றலாம், ஆனால் புதுச் சக்கரம் போட்டதைப் பழையதன் விலைக்கு விற்பவர்களும் உண்டு.

மூன்றாவது, 1970களில் வந்த பெயரில்லாத பித்தளை-குரோம் சட்டங்கள். அன்றாடப் புழக்கத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். கண்ணாடி சட்டத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும், உடைந்தால் உள்ளூர்க் கண்ணாடிக் கடையே போதும். காந்தம் வைத்துப் பாருங்கள்: 'பித்தளை' பலமாகப் பிடித்தால் அது முலாம் பூசிய இரும்பு. அதில் பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாமே போய்விடும். குரோமில் மேலோட்டமான துருப்புள்ளிகளை, தண்ணீரில் நனைத்த அலுமினியத் தாளால் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். பூச்சு உரிந்திருந்தால் மறுமுலாம்தான், அது பல சமயம் டீப்பாயின் விலையையே தாண்டும்.

மாற்றுக் கண்ணாடிக்குச் சட்டத்தின் பள்ளத்தை இரு முனையிலும் நடுவிலும் அளந்து, மிகச் சிறிய அளவிலிருந்து 3 மி.மீ. குறைத்துச் சொல்லுங்கள். டஃபண்டு கண்ணாடி (சூடாக்கி வலுவேற்றியது) என்றால் அளவு கட்டாயம் சரியாக இருக்க வேண்டும், பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 12 மி.மீ. போட்டால் 30 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும்.