எடை குறைப்பு சென்டரில் பணம் கட்டும் முன் டின்னைத் திருப்பிப் பாருங்கள்: வேலூரில் நான் ஏமாந்த கதை

கோட்டைப் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணிப்பார்கள். ‘இலவச உடல் பரிசோதனை, 30 நாளில் 8 கிலோ’ என்று போட்டிருக்கும். எனக்கு அது சீட்டாக வரவில்லை, எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா வாய் வழியாக வந்தது. அதனால்தான் நம்பினேன். சென்டரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கே வேறு போர்டு மாட்டிவிடுவார்கள். நடந்ததைச் சொல்கிறேன், பார்த்தால் நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

எனக்கு வயது 39. உயரம் 5 அடி 5 அங்குலம், தை மாசக் கடைசியில் அங்கே போனபோது எடை 82 கிலோ. சத்துவாச்சாரி பக்கம் ஒரு மாடி வீடு. காலை 6 மணிக்கே இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஒரு கருவியைக் கொடுத்து நீட்டிப் பிடிக்கச் சொன்னார்கள். ‘உடல் வயது 54’ என்று காட்டியது. அந்தக் கருவி உடம்புக்குள் லேசாக மின்சாரம் செலுத்தி, அதற்கு வரும் தடையை வைத்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் குடித்திருந்தாலும் குடிக்காமல் இருந்தாலும் கணக்கு மாறும். இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. 54 என்றதும் அழுகையே வந்துவிட்டது. 1,500 ரூபாய் உறுப்பினர் கட்டணம் கட்டினேன்.

திட்டம் எளிது. காலையும் மதியமும் சாப்பாடு கிடையாது, ஒவ்வொரு கிளாஸ் ஷேக். இரவு 2 சப்பாத்தி, காய், கொஞ்சம் பருப்பு. சோறு, இட்லி, களி எதுவும் கூடாது. சுவரில் பெரிய சார்ட் ஒட்டியிருந்தது: ‘ஒரு கிளாஸில் 24 கிராம் புரதம்.’ பக்கத்திலேயே நாலு முட்டை படம். மாவு ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜாரில் இருக்கும். கோச் அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, தண்ணீரில் போட்டுக் குலுக்கித் தருவார். சாக்லேட் வாசனை, நல்ல தித்திப்பு. முதல் மாதம் அங்கேயே குடிக்க 5,500.

தினமும் எடை பார்ப்பார்கள். குறைந்திருந்தால் எல்லாரும் கைத்தட்ட வேண்டும். மூன்றாம் நாள் எனக்கு 600 கிராம் இறங்கியிருந்தது. “சிஸ்டர் ஒரே நாள்ல 600 கிராம் கொழுப்பு கரைச்சிருக்காங்க, கைத்தட்டுங்க!” இருபது பேர் தட்டினார்கள். கல்யாணத்தில்கூட எனக்கு அப்படி யாரும் தட்டவில்லை.

இப்போது அந்தக் கணக்கைப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு குறைய சுமார் 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். 600 கிராமுக்கு 4,600க்கு மேல். என்னைப் போன்ற ஒரு பெண் ஒரு நாளில் செலவழிப்பதே 1,900 கலோரி சுமார்தான். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் பட்டினி கிடந்தாலும் கால் கிலோ கொழுப்பைத் தாண்டாது. அப்படியானால் அந்த 600 கிராம் எது? பெரும்பங்கு தண்ணீர். சோறு, இட்லியில் வரும் மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கும்போது, ஒவ்வொரு கிராமுடனும் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைக்கிறது. மாவுச்சத்தை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு தீரும், தண்ணீரும் கூடவே போகும். திரும்ப நாலு நாள் சோறு சாப்பிட்டால் அதுவும் திரும்பி வந்துவிடும். நான் கைத்தட்டு வாங்கியது சிறுநீருக்கு.

முதல் மாதம் 4.8 கிலோ, இரண்டாம் மாதம் 2.6 கிலோ குறைந்தது. இரண்டாம் மாதம் ‘வீட்டிலேயே குடிங்க’ என்று 3 டின் கொடுத்தார்கள், டின் 1,950. மூன்றாம் மாதத்துக்கு ‘ஆஃபர் முடியப் போகுது’ என்று அவசரப்படுத்தி இன்னும் 3 டின். எல்லாம் கோச்சின் சொந்த நம்பருக்கு ஜிபே. பில் கேட்டபோது, “நமக்குள்ள என்ன சிஸ்டர் பில்லு” என்றார். கூட்டிப் பாருங்கள், மொத்தம் 18,700 ரூபாய்.

பங்குனி வெயிலில் நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தவள் கண் இருட்டிக்கொண்டு வந்து கோணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். “வேலூர் வெயில்ல யாருக்குத்தான் தலை சுத்தாது” என்றார் எங்கள் வீட்டுக்காரர். “டாக்ஸின் வெளிய போகுது சிஸ்டர்” என்றார் கோச். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்க முடியாமல் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு பேருமே ஒரு பதில் வைத்திருப்பார்கள் என்று தெரியும்.

குட்டை உடைத்தது என் மகள். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு லீவில் கேக் செய்ய ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கியிருந்தாள். சும்மா இருக்காமல் என் டின்னையும் எடுத்து, உள்ளே இருந்த கரண்டியால் ஒரு கரண்டி மாவைத் தராசில் கொட்டினாள். 25 கிராம். “அம்மா, இது முழுசும் புரதமா இருந்தாத்தான் 24 வரும். பின்னாடி பாத்தியா?” என்றாள். டின்னின் பின்பக்கம் மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஒரு கட்டம். 100 கிராம் மாவில் புரதம் 21 கிராம், மாவுச்சத்து 64 கிராம் (அதில் பாதிக்கு மேல் சர்க்கரை), கொழுப்பு 4 கிராம். 100 கிராமுக்கே 21 என்றால் 25 கிராமுக்கு? ஐந்து கிராம் சொச்சம். ஒரு முட்டையில் இருப்பதைவிடக் குறைவு.

டின்னில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் இருந்தது. தயாரித்தவர் உண்மையைத்தான் அச்சடித்திருந்தார். பொய் இருந்தது சுவரில். ஜாரில் கொட்டி வைத்திருந்ததால் முதல் மாதம் முழுக்க யாரும் டின்னின் முதுகைப் பார்க்கவே இல்லை.

அன்று ராத்திரி மகளும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு கிராமுக்கு 9. ஒரு கரண்டி மாவு 94 கலோரி. இரண்டு வேளைக்கும் 188. இரவுச் சாப்பாடு 400க்குள். நாள் முழுக்க 600 கலோரி, 25 கிராம் புரதம். 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறையை மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் செய்யவே கூடாது என்பது பிறகு தெரிந்தது. சாதாரணமாக இருப்பவருக்கே எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்). எடை குறைக்கிறவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க இன்னும் கூடுதலாக வேண்டும். நான் சாப்பிட்டது பாதிகூட இல்லை. அப்புறம் குடம் எப்படித் தூக்குவேன்?

விலையையும் போட்டுப் பார்த்தோம், வயிறு எரிந்தது. 500 கிராம் டின்னில் மொத்தம் 105 கிராம் புரதம். ஒரு கிராம் புரதத்துக்கு 18 ரூபாய் 50 காசு கொடுத்திருக்கிறேன். அண்ணாச்சி கடை முட்டையில் ஒரு ரூபாய் சொச்சம்.

மறுநாள் டின்னோடு போனேன். “பால்ல கலந்தா 24 வரும் சிஸ்டர்” என்றார் கோச். தண்ணீரில் கலக்கச் சொன்னதே அவர்தான். சரி, பாலே ஆகட்டும், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். இரண்டும் சேர்ந்தால் 12. அதைச் சொன்னதும் பேச்சு மாறியது. “நீங்க வீட்ல ஏதோ சாப்பிட்டு ஏமாத்தறீங்க, அதான் டயர்டு.” கடைசியாக ஒரு தூண்டில்: இன்னும் 18,000 கட்டி நானும் கோச் ஆனால் டின் பாதி விலைக்குக் கிடைக்குமாம். அக்கா ஏன் என்னை அழைத்து வந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

இதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. என் பக்கத்தில் உட்காரும் ஒரு பெரியவர், சுகர்க்காரர். “மாத்திரையை மெதுவா விட்டுடலாம் ஐயா” என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாத்திரையைத் தானாக நிறுத்தினால் சர்க்கரை ஏறும். நிறுத்தாமல் திடீரென்று சாப்பாட்டைப் பாதியாக்கினாலோ, சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும் சர்க்கரை ஆபத்தாக இறங்கி மயக்கம் வரும். இரண்டு பக்கமும் கத்தி. உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. இவர்கள் ‘மருந்து இல்லை, உணவு’ என்று சொல்லிக்கொண்டே மருந்து வேலை பேசுகிறார்கள்.

சித்திரைக் கடைசியில் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பில் இல்லை, கையோடு. டாக்டரிடம் போனேன். ஹீமோகுளோபின் 9.6, குறைவு. உடம்பைப் பட்டினி போட்டால் முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும் என்றார். அதனால்தான் ஷேக்கையும் முடியையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. நான் நிறுத்தியபின் எடை ஏறி ஆடி மாதம் 79 ஆனது.

பணத்துக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பில் கேட்டார்கள், இல்லை. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் குரூப்பில் கோச் போட்ட சார்ட் படம், டின் பின்பக்கம் மூன்றையும் கொடுத்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம். இதைக் கோச்சுக்கு ஒரு மெசேஜாக அனுப்பினேன். பிரிக்காத 2 டின்னுக்கு 3,900 வந்தது. மீதிக்கு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கிறார்கள். டாக்டர் அனுப்பிய உணவு ஆலோசகர் 1,500 கலோரி, 75 கிராம் புரதம் என்று வைத்துக் கொடுத்தார். காலையில் 2 இட்லி, 2 முட்டை. மதியம் ஒரு கப் சோறுதான், ஆனால் பருப்பு கெட்டியாக, கூட மீனோ கோழியோ, இல்லாத நாளில் மீல்மேக்கர், தயிர். சாயந்திரம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவு களி. இங்கே ஒரு சண்டை வந்தது. களி சாப்பிட்டால் எடை குறையும் என்று என் மாமியார் சாதிக்கிறார். கேழ்வரகு நல்லதுதான், ஆனால் மாவு 100 கிராமுக்கு 320 கலோரிக்கு மேல், புரதம் 7 கிராம். அதுவும் மாவுச்சத்துதான். இப்போது உருண்டை சின்னதாகிவிட்டது, அத்தைக்குத்தான் வருத்தம்.

சோறு இல்லை, என் எதிரி எண்ணெய்தான் என்பதையும் தராசுதான் சொன்னது. நம்ம ஊர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் நான் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்தால் 4 மேஜைக்கரண்டி ஊற்றுவேன். காயில் கலோரி சொற்பம், எண்ணெயில் 480. இப்போது 2 கரண்டியில் வதக்கி மூடி வைக்கிறேன், ருசி ஒன்றும் குறையவில்லை. மாதத்துக்கு ஒரு கிலோ என்று இறங்கி, போன வாரம் 74.

நாலு வீடு தள்ளி இருக்கும் அக்கா இன்னும் விடியற்காலையில் பாட்டிலோடு அந்த மாடிக்குத்தான் போகிறார். ரொம்ப நாள் பேச்சில்லை. முந்தாநாள் கேட் அருகே நின்று, “உம் பொண்ணுகிட்ட ஒரு தராசு இருக்குதாமே, ஒரு நாள் குடுப்பியா?” என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பேட்டரி புதுசு போட்டுத்தான்.