கார் இல்லாம சுங்கை சிப்புட்ல மூணு வாரம்

லண்டன்ல ஈஸ்ட் ஹாம் பக்கம் குடியிருந்து 14 வருஷமாச்சு, இதுவரைக்கும் கார் வாங்கல, வாங்கணும்னு தோணினதும் இல்ல. ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்தா பஸ் நிக்கும், 2025ல 1 பவுண்டு 75 பென்ஸ், கார்டைத் தட்டி ஏறிக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள்ள வேற பஸ் மாறினா அதுக்குக் காசு இல்ல. லீவு நாள்ல எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 115 நம்பர் பஸ்ல மாடிக்கு ஏறி முன் சீட்டுல உக்காந்து ஆல்ட்கேட் வரைக்கும் போவேன், ஒரு டீ குடிப்பேன், அதே பஸ்ல திரும்பி வந்துடுவேன். ஒரு வேலையும் இருக்காது. சும்மா.

2025 நவம்பர்ல மூணு வாரம் லீவு போட்டு அம்மாவைப் பாக்க எங்க ஊருக்கு, மலேசியாவுல பேராக் மாநிலத்துல இருக்கற சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். அப்பா தவறினதுல இருந்து அம்மா தனியாத்தான் இருக்காங்க. நாங்க பொறந்து வளந்த தோட்டத்துல ரப்பரை அழிச்சு செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை போட்டாச்சு, தொழிலாளிங்க இருந்த வரிசை வீடு, லயமும் இல்ல, இப்போ வீடு டவுனுக்கு 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு தாமான்ல, அதாவது குடியிருப்புப் பேட்டையில. தம்பி ஜோகூர்ல. என்கிட்ட மலேசியா லைசென் இருந்துச்சு, ஆனா புதுப்பிக்காம விட்டு மூணு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, அப்படின்னா மறுபடியும் டெஸ்ட்லேருந்து ஆரம்பிக்கணும். அதனால கார் வாடகைக்கு எடுக்கிற பேச்சே இல்ல. லண்டன்லயே கார் இல்லாம ஓட்டறோம், நம்ம ஊர்ல மூணு வாரம் ஓட்ட முடியாதான்னு ஒரு திமிருலதான் எறங்கினேன்.

வர்ற வழி ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. கோலாலம்பூர் ஏர்போர்ட் கேஎல்ஐஏல இருந்து டவுன் ஸ்டேஷன் கேஎல் சென்ட்ரலுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிஷம், 55 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் வெள்ளின்னு சொல்லுவோம்), வெல கொஞ்சம் கடிதான், பஸ்ல வந்தா இதுல பாதிகூட ஆகாது, ஆனா பதிமூணு மணி நேரம் பறந்து வந்தவளுக்கு யோசிக்கத் தெம்பு இல்ல. அங்கேருந்து இடிஎஸ்ங்கிற கரண்ட் ரயில். 2010ல ஈப்போ வரைக்கும் ஓடிக்கிட்டிருந்த ரயிலை 2015ல தாய்லாந்து எல்லை பாடாங் பெசார் வரைக்கும் நீட்டினாங்க, அப்புறந்தான் எங்க ஊர் ஸ்டேஷன்லயும் நிக்குது. 140 கிலோமீட்டர் ஸ்பீடு, ஏசி மட்டும் ஐஸ் பெட்டி மாதிரி, ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டுப் போங்க. எல்லா ரயிலும் சுங்கை சிப்புட்ல நிக்காது, டிக்கெட் போடறப்ப அதப் பாத்துப் போடணும், லீவு சீசன்னா ரொம்ப முன்னாடியே.

எறங்கினது ராத்திரி ஒம்போது மணி. போன்ல கார் கூப்பிடற ஆப்பைத் தொறந்தேன், வட்டம் சுத்துது சுத்துது சுத்திக்கிட்டே இருக்கு. பத்து நிமிஷம் கழிச்சு பின்னாடி ஹாரன் சத்தம், மாமா, மைவி கார்ல. வரவேண்டாம்னு சொல்லியிருந்தேன், அம்மாதான் சொல்லிட்டாங்க போல. "லண்டன்ல இருந்து வந்து ரோட்டுல நிக்கிறியாமே, நாலு பேர் பாத்தா எங்களைத்தானே கேப்பாங்க"ன்னு பெட்டியைத் தூக்கிப் பின்னாடி போட்டார். அவருக்கு வயசு 67, ராத்திரில எதிர் லைட் பட்டா கண்ணு கூசுதுன்னு அவரே சொல்லிக்கிட்டு ஓட்டறார். எனக்குப் பகீர்னு இருந்துச்சு.

மறுநாள் ரொட்டி வாங்க நடந்து போனேன், ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், லண்டன்ல இது ஒரு நடையே இல்ல. இங்க நடக்கறதுக்குன்னு எடமே கெடையாது, ஒரு பக்கம் லொங்காங் (சாக்கடை), ஒரு பக்கம் லோரி, நடுவுல நாய். வெயில் வேற மண்டையப் பொளக்குது. அதவிட மோசம் நிக்கிற காருங்க! மூணு கார் நின்னுச்சு, அதுல ஒண்ணுல இருந்தவங்க என் கூடப் படிச்ச பொண்ணோட அம்மா. "என்னம்மா நடந்து போற, கார் ரிப்பேரா, வீட்டுல ஏதும் பிரச்சனையா?" ரொட்டி வாங்கப் போறேன் ஆண்ட்டின்னு சொன்னா நம்பல. எங்க ஊர்ல ஒருத்தர் நடக்கறார்னா ஒண்ணு காசு இல்ல, இல்லன்னா புருஷன்கூட சண்டை. சாயங்காலத்துக்குள்ள அம்மாவுக்கு ரெண்டு போன் வந்துடுச்சு.

பஸ்ஸையும் விடல. தாமான் முன்னாடி பஸ் ஸ்டாப் இருக்கு, கூரை, பெஞ்சு எல்லாம் இருக்கு, கொடி ஏறிக் கெடக்கு. ஒண்ணேகால் மணி நேரம் உக்காந்திருந்தேன். கடைசில கப்சாய்ல, சின்ன மோட்டார் சைக்கிள்ல போன ஒரு சீன அங்கள் நிறுத்தி "பஸ் சூடா லாமா தாக் டே லா"ன்னுட்டுப் போனார், நின்னு ரொம்ப காலமாச்சாம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா, "நீ காத்து வாங்க உக்காந்திருக்கன்னு நெனச்சேன்"ங்கிறாங்க.

நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப எங்க தோட்டத்துல கார் வச்சிருந்தது ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) ஒருத்தர்தான். அப்பாகிட்ட சைக்கிள். ஆனா நாங்க போகாத எடம் இல்ல. பள்ளிக்கூடத்துக்குத் தோட்டத்து லோரி, சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமை சிம்பாங்ல, அந்த ரோடு முக்குல போய் நின்னா பஸ் வரும், ஆளுங்க கதவுல தொங்கிக்கிட்டு வருவாங்க, டவுன்ல தேரு மாதிரி கூட்டம். ஈப்போ போற பஸ்ஸெல்லாம் பழைய ரோட்டுல டவுன் நடுவுலதான் போகும், 1994ல வடக்கு தெற்கு ஹைவே முழுசா தொறந்தப்புறம் தூரத்து பஸ் எல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. அதே வருஷம்தான் கஞ்சில்ங்கிற சின்னக் கார் வந்தது, 2005ல மைவி. தோட்டத்துல இருந்து வெளிய வந்தவங்க தாமான் தாமானாப் பிரிஞ்சாங்க, ஆளுக்கு ஒரு சின்னக் கார், 9 வருஷ லோன். ஓட்டத் தெரிஞ்சவங்க எல்லாம் பஸ்ஸை விட்டு எறங்க எறங்க பஸ்ஸுல மிச்சம் இருந்தது கெழவிங்களும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களும்தான், அவங்களுக்காக யாரு வண்டி ஓட்டுவா. எங்க அம்மா முப்பது வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டினவங்க, இருட்டுல ஹெட்லைட் கட்டிக்கிட்டு மேடு பள்ளம் ஏறி எறங்கினவங்க, இப்போ கேட்டுக்கு வெளிய போக அடுத்தவங்க சாவியைப் பாக்கறாங்க.

மாமா காருக்காவது பெட்ரோல் ஊத்திக் குடுப்போம்னு நெனச்சேன், அதுவும் சொதப்பல். அப்போ ஐசியை, அதான் அடையாள அட்டையைப் போட்டா லிட்டர் 1.99, இல்லன்னா 2 வெள்ளி 60 சென் பக்கம். நான் ஜம்முனு என் ஐசியை எடுத்து நீட்டினேன், எடுக்கல. லைசென் உயிரோட இருக்கணுமாம் அதுக்கு. மாமா சிரிச்சுக்கிட்டே அவர் ஐசியைப் போட்டு அவரே ஊத்திக்கிட்டார், நான் பக்கத்துல நின்னு டிஷ்யூ எடுத்துக் குடுத்தேன்.

ரெண்டாவது வாரம் அம்மாவுக்கு கிளினிக் அப்பாய்ன்மென்ட், சுகர் பாக்கணும், வெறும் வயித்துல காலைல எட்டு மணிக்கு இருக்கணும். மாமாவைக் கேக்கக் கூடாதுன்னு நான் பிடிவாதமா ஆப்ல கார் போட்டேன். போறதுக்கு வந்துடுச்சு, 11 வெள்ளி, மலாய்க்காரத் தம்பி, நல்லா பேசிக்கிட்டு ஓட்டினான். எனக்கும் தொண்டை கட்டியிருந்துச்சுன்னு அங்கேயே காட்டினேன், ஐசியைக் குடுத்து 1 வெள்ளி கட்டினா டாக்டர், மருந்து எல்லாம் சேத்து. லண்டன்ல யார்கிட்ட சொன்னாலும் இதப் பெருமையாத்தான் சொல்லுவேன், நர்ஸுங்க அவ்ளோ கூட்டத்துலயும் அம்மாவை "மக் சிக்"னு (மலாய்ல அத்தை மாதிரி) கூப்பிட்டு உக்கார வச்சாங்க. டாக்டருக்கு 1 வெள்ளி, டாக்டர் வாசல் வரைக்கும் வர 11 வெள்ளி!

திரும்பறதுக்குத்தான் கார் கெடைக்கல. தாமான் பக்கம் போனா திரும்பி வர ஆளு கெடைக்காது, அதனால டவுன்ல இருக்கற ஒருத்தரும் எடுக்கறதில்ல. மழை பிடிச்சுக்கிச்சு, நவம்பர் மழை தெரியுமே. அம்மா இன்னும் சாப்பிடல. ரோட்டோர ஒட்டுக்கடையில தோசை வாங்கிக் குடுத்துட்டு நான் போனையே பாத்துக்கிட்டிருக்கேன், ஒரு மணி நேரம் ஓடிடுச்சு. அப்போ பக்கத்து மேசையில தே தாரிக் (ஆத்தின டீ) குடிச்சுக்கிட்டிருந்த ஒரு அண்ணன், "எந்த தாமான்?"னு கேட்டார். தமிழ்ப்பள்ளிக்கு வேன் ஓட்டறவராம், காலைல பிள்ளைங்கள விட்டா மத்தியானம் வரைக்கும் வேன் சும்மா நிக்குது, அந்த நேரத்துல இப்படி வயசானவங்கள கிளினிக், பசார் (மார்க்கெட்), போஸ்ட் ஆபீஸ்னு கூட்டிட்டுப் போய் விடறார், ஆளுக்கு 5 வெள்ளி. சட்டப்படி சரியான்னு என்கிட்ட கேக்காதீங்க. வேன்ல ஏறினா ஏற்கெனவே மூணு பாட்டிங்க, அதுல ஒருத்தங்க எங்க தோட்டத்துல அம்மா கூட ஒரே மண்டோர்கிட்ட (கங்காணி மாதிரி) வேலை செஞ்சவங்க! பக்கத்து தாமான்தான், ரெண்டு பேரும் பாத்து ஏழு வருஷமாம். வீடு வர்ற வரைக்கும் பேச்சு ஓயல, எங்க வீட்டைத் தாண்டி ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வந்து விட்டார் அந்த அண்ணன்.

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன், மாமா கார் இருக்கே, கேட்டா வரமாட்டேன்னா சொல்லுவார், ஏன் வீட்டுலயே அடைஞ்சு கெடக்கறீங்கன்னு. அம்மா வெத்தலை மடிச்சுக்கிட்டே, "கிளினிக்னா கேக்கலாம்மா, கோயிலுக்குன்னா கேக்கலாம், செத்த வீடுன்னா அவனே வருவான். சும்மா டவுனைப் பாத்துட்டு வரேன்னு யாரைப் போய் கேக்கறது?" அப்படின்னாங்க. எனக்கு அந்த 115 பஸ் மாடி சீட்டுதான் ஞாபகம் வந்துச்சு, ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிட்டேன்.

திரும்பறப்ப கேஎல்ல ரெண்டு நாள், பிரிக்பீல்ட்ஸ்ல தோழி வீடு. அவளுக்கும் கார் இல்ல. மலேசியக்காரங்களுக்கு 50 வெள்ளில 30 நாள் பாஸ் இருக்கு, எல்ஆர்டி, எம்ஆர்டின்னு டவுன் ரயிலுங்க, மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாத்துலயும் ஏறலாம், அவ பாட்டுக்கு சுத்தறா. அம்மாவை இங்க கொண்டாந்து வச்சுடேன்னு சொன்னா. பத்தாவது மாடியில வச்சுட்டு பாஸை மட்டும் கையில குடுத்தா அம்மா யாரைப் பாக்கப் போவாங்க, அங்க யாரு இருக்கா.

கேஎல் வர்றதுக்கு முன்னாடி, ஊர்லேருந்து கெளம்பறதுக்கு முந்தின நாள் வேன் அண்ணனைக் கூப்பிட்டு, மாசம் 60 வெள்ளி நான் அனுப்பிடறேன், அம்மா எப்போ கூப்பிட்டாலும் போங்கன்னு சொன்னேன். முதல்ல வேண்டாம்னார், அப்புறம் போகாத மாசம் காசு வாங்க மாட்டேன்னு ஒரு கண்டிஷன் போட்டு ஒத்துக்கிட்டார். அம்மாவுக்குப் படிக்க வராது, அதனால அவர் நம்பருக்கு வேன் படம் ஒண்ணு வச்சுக் குடுத்தேன். மாமாவுக்கு இதுல கொஞ்சம் கோவம்தான், என் வண்டி இருக்கறப்ப கூலிக்கு வண்டியான்னு. போகப் போக சரியாயிடுவார்.

ஜனவரில ஒரு நாள் ஷிஃப்ட் முடிச்சு பஸ்ல உக்காந்து அம்மாவுக்கு போன் போட்டேன், எடுக்கல. மறுபடி போட்டேன், எடுக்கல. அரை மணி கழிச்சு அவங்களே கூப்டாங்க, பின்னாடி ஒரே சத்தம். டவுன்ல இருக்காங்களாம். என்ன வாங்கப் போனீங்கன்னு கேட்டா, ஒண்ணும் வாங்கலியாம்.