அண்ணாந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்: பிறந்தநாள் வீட்டுக்கு லென்ஸா, ஃபிளாஷா?

ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ஃபிளாஷ். போன வருஷம் தை மாதத்தில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு பிறந்தநாள். திருப்பூரில் பங்காளி வீட்டில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "ஸ்டுடியோக்காரங்களுக்கு எவ்வளவுங்க குடுத்தீங்க?" என்று கேட்டார்கள். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அக்கா வீட்டுத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து ஓட்டு வீட்டில், எடுத்ததைப் பார்த்துவிட்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. அக்கா மட்டும், பிறந்தநாள் பிள்ளையைச் சொல்லி, "அம்மிணி மூஞ்சி எங்கடா?" என்றாள்.

வித்தியாசம் தலைக்கு மேலே இருந்தது. திருப்பூர் வீட்டில் வெள்ளையடித்த கான்கிரீட் தளம், பத்தடி உயரம். சாளையில் பழைய ஓடு, புகை படிந்த சட்டங்கள். ஃபிளாஷை மேலே திருப்பி அடித்தால் முதல் வீட்டில் கூரை முழுக்க வெள்ளை விளக்காகி, மெத்தென்ற வெளிச்சம் கீழே இறங்கியது. இரண்டாவது வீட்டில் போன வெளிச்சம் போனதுதான். கொஞ்சம் திரும்பி வந்ததும் செங்காவி நிறத்தில் வந்தது.

அதனால் 'முதலில் நல்ல லென்ஸ் வாங்கட்டுமா, ஃபிளாஷ் வாங்கட்டுமா' என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றே ஒன்று: நீங்கள் படம் எடுக்கப்போகும் வீட்டில் கூரை என்ன? வெள்ளைத் தளம் என்றால் ஃபிளாஷ் முதலில். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸே போதும். ஓடு, தகர ஷீட், பந்தல், மொட்டைமாடி என்றால் லென்ஸ் முதலில். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

என்னிடம் இருப்பது நிகான் டி5600. சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, சிறியது, அகலம் 23.5 மி.மீ. கீழே சொல்லும் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான். கேனானின் சிறிய சென்சார் இன்னும் ஒரு நூல் குறுகல், அவ்வளவுதான்.

லென்ஸில் எல்லாரும் முதலில் சொல்வது 50 மி.மீ. எஃப் 1.8. மி.மீ. கூடக் கூடச் சட்டத்தில் விழும் அகலம் குறையும், எஃப் எண் குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சம் கூடும். விலை குறைவு, எடை குறைவு, பின்னணி வெண்ணெய் மாதிரி கரையும். நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். அதிலும் ஆசைப்பட்டு, பழைய 'டி' வகையைச் சல்லிசாகப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் ஃபோகஸ் நகரவே இல்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்க வேண்டும். டி5600, டி3500 வரிசைகளில் அது இல்லை. கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஓடுகிற குழந்தையைக் கையால் திருகிப் பிடிப்பது கோழி பிடிக்கிற வேலை. நிகான்காரர்கள் பெட்டியில் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கேனானில் இந்தத் தொல்லை இல்லை.

சரி, ஃபோகஸ் ஆகும் 50 ஒன்றை இரவல் வாங்கியே திருப்பூர் போனேன் என்று வையுங்கள். ஹால் பன்னிரண்டுக்குப் பதினான்கு. கேக் மேசை, அதற்குப் பின்னால் பலூன் வளைவு, மேசையைச் சுற்றிச் சனம். எல்லாம் போக நான் பின்வாங்க முடிந்தது எட்டடி. அந்த எட்டடியில் 50 மி.மீ. பிடிக்கும் அகலம் நாலடிக்கும் குறைவு. பிள்ளை, கேக், அம்மா, முடிந்தது. கேக் ஊட்டக் குனியும் அப்புச்சியும் அமுச்சியும் சட்டத்துக்கு வெளியே. பிறந்தநாள் படத்தில் தாத்தா பாட்டியை வெட்டிவிட்டு எந்த வீட்டுக்கும் மறுபடி போக முடியாது.

அதே எட்டடியில் 35 மி.மீ. சுமார் ஐந்தரை அடி பிடிக்கும். 24 மி.மீ. எட்டடிக்குச் சற்றுக் குறைவு. 18-55 லென்ஸின் 18 முனையில் பத்தடிக்கு மேல், பலூன் வளைவு முழுசும் வந்துவிடும். ஆக ஹாலுக்குள் 50 ஒரு பொறி. அதன் இடம் வாசலும் களமும்தான். சாயங்கால வெயிலில் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது, ஐஸ்க்ரீம் வழிய ஒரு பொடிசு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, அதற்கு நிகர் எதுவும் இல்லை.

35 எஃப் 1.8க்குத்தான் என் ஓட்டு. இது சிறிய சென்சாருக்கென்றே நிகான் செய்த லென்ஸ், எடை 200 கிராம். ஓரடி வரை கிட்டே போய் ஃபோகஸ் ஆகும். கேக் மேல் எழுதிய பெயரையும் அதே லென்ஸில் எடுத்துவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. 50ஐ எஃப் 1.8க்கு முழுதாகத் திறந்து ஐந்தடி தூரத்தில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஆறு சென்டிமீட்டர்தான், கிட்டத்தட்ட மூன்று விரற்கடை. கண் தெளிந்தால் காது மங்கும். பக்கத்தில் நிற்கும் அண்ணன் பையன் ஆவியாகிவிடுவான். 35இல் அதே தூரத்தில் ஆழம் ஏறக்குறைய இரட்டிப்பு. துள்ளுகிற குழந்தைக்கு அந்த இரட்டிப்பு பெரிய உபகாரம்.

கேனான்காரர்களுக்கு இதே இடத்தில் 24 எஃப் 2.8 இருக்கிறது. தோசைக் கல் மாதிரி தட்டையான லென்ஸ், 125 கிராம்தான். 1.8 அளவுக்கு இருட்டில் தாங்காது. ஆனால் அகலம் கூடுதல், கேமராவில் மாட்டியிருப்பதே தெரியாது.

அடுத்த போட்டியாளர் சிக்மாவின் 17-50 எஃப் 2.8. மண்டபங்களில் கல்யாணம் எடுக்கிற தம்பிமார் பலர் கையில் இதுவோ டாம்ரானின் இதே மாதிரி லென்ஸோதான் பார்த்திருக்கிறேன். எந்த நீளத்தில் வைத்தாலும் 2.8 நிற்கும். 18-55ஐ 55க்கு இழுத்தால் எஃப் 5.6 ஆகிவிடும், அதைவிட 2.8 நான்கு மடங்கு வெளிச்சம். குழுவாகவும் எடுக்கலாம், முகத்தை மட்டும் இழுத்தும் எடுக்கலாம், லென்ஸ் மாற்ற வேண்டாம். பிறந்தநாள் வீட்டில் லென்ஸ் மாற்றுவது என்பது ஸ்நோ ஸ்ப்ரே நுரைக்கு நடுவே கேமராவின் வயிற்றைத் திறப்பது. குறை என்ன? அரைக் கிலோவுக்கு மேல் கனம். விலையும் 35 எஃப் 1.8ஐவிடக் கூடுதல். 1.8இன் முன்னால் வெளிச்சத்தில் பாதி கூட இல்லை. வருஷத்துக்கு நான்கு விசேஷம் எடுப்பவர் வாங்கலாம். சொந்தப் பிள்ளைக்கு மட்டும் என்றால் கோவையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா, வாங்கியவர்களுக்கு ஒரு வரி. கேனான் ஆர்50 உடன் வரும் 18-45 லென்ஸ் எஃப் 4.5 முதல் 6.3 வரை, பழைய 18-55ஐவிட இருட்டு. அதை நம்பி ராத்திரி விசேஷத்துக்குப் போகாதீர்கள். ஆனால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உங்களிடம் இருப்பதால், மேலே சொன்ன மூன்று விரற்கடைப் பயம் உங்களுக்குப் பாதிதான்.

ஃபிளாஷுக்கு வருவோம்.

கேமரா தலையில் எழுந்து நிற்கும் குட்டி ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். முன்னால் நிற்கும் பிள்ளை சுண்ணாம்பு பூசிய மாதிரி, பின்னால் நிற்கும் மாமன் இருட்டில் திருடன் மாதிரி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும் என்ற கணக்குதான் காரணம். நான்கடியில் கேக், எட்டடியில் அமுச்சி. இரண்டு பேருக்கும் சரியாக நேர் ஃபிளாஷ் அடிக்க முடியாது. போதாததற்கு லென்ஸுக்கு ஒட்டியே இருப்பதால் கண்மணி சிவக்கும்.

தலை திரும்பும் ஃபிளாஷில்தான் நிஜமான போட்டி. கோடாக்ஸ் டிடி600 ஒரு பக்கம், டிடி685 மறுபக்கம். முதலாவதில் பவரை நாமே வைக்க வேண்டும். இரண்டாவது டிடிஎல், அதாவது படத்துக்கு முன் ஒரு சின்ன மின்னல் விட்டு, தானே அளந்துகொள்ளும். குழந்தை ஓடிக்கொண்டே இருக்கும், டிடிஎல் இல்லாமல் முடியாது என்று கடையில் சொல்வார்கள். நேராக அடித்தால் அது உண்மை. கூரையில் அடித்தால் பாதி உண்மைகூட இல்லை. வெளிச்சம் வருவது கூரையிலிருந்து. பிள்ளை ஹாலின் இந்த மூலைக்கு ஓடினாலும் அந்த மூலைக்கு ஓடினாலும் கூரைக்கும் அவளுக்கும் உள்ள தூரம் அதேதான். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 800, எஃப் 4, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு, ஃபிளாஷ் பவர் எட்டில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ. கேக் வருவதற்கு முன் இரண்டு படம் எடுத்துச் சரிபார்த்துக்கொண்டால் சாப்பாட்டுப் பந்தி வரை கை வைக்கத் தேவையில்லை. எஃப் 4 என்பதைக் கவனித்தீர்களா? 18-55இன் அகல முனையிலேயே அது இருக்கிறது. வெள்ளைத் தளம் உள்ள வீட்டில் ஃபிளாஷ் முதலில் என்று சொன்னது இதனால்தான்.

டிடி600 வாங்குமுன் ஒரு எச்சரிக்கை. கேனான் 200டி மார்க் 2, 3000டி போன்ற சில கேமராக்களில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடு முள்ளையே எடுத்துவிட்டார்கள். அவற்றின் மேல் டிடி600 நேராக எரியாது. கேனானுக்கென்று வரும் டிடிஎல் ஃபிளாஷ்தான் வேண்டும். காசு கொடுக்குமுன் கேமராவைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள்.

பாட்டரி விஷயமும் உண்டு. இந்த இரண்டிலும் நான்கு பென்சில் செல். முழு பவரில் டிடி685 சுமார் 230 முறை எரியும், அடுத்ததற்கு இரண்டரை நொடி காக்க வைக்கும். லித்தியம் பாட்டரி உள்ள வி860-2 என்றால் சுமார் 650 முறை, ஒன்றரை நொடி. கூரையில் எட்டில் ஒரு பங்கு அடிப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ரீசார்ஜ் செல் இரண்டு செட் போதும்.

கூரையில் அடிக்கும்போது சுவரைப் பார்க்க மறக்காதீர்கள். நம் பக்கம் இப்போது வீட்டுக்குள் கிளிப்பச்சையும் ரோஸும் அடிப்பது வழக்கமாகிவிட்டது. பெருந்துறையில் ஒரு வீட்டில், பக்கவாட்டு வெளிச்சம் அழகாக இருக்குமே என்று சுவர்ப்பக்கம் திருப்பி அடித்தேன். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வந்து இறங்கிய மாதிரி ஒரு பச்சை. கல்யாண மண்டபம் பிடித்துக் கொண்டாடுகிறவர்களுக்கோ நிறம் சிக்கலில்லை, உயரம் சிக்கல். இருபதடி உயரக் கூரைக்குப் போய்த் திரும்பும் வெளிச்சம் களைத்துப்போகும். ஃபிளாஷ் முழு பவரில் மூச்சு வாங்கும். அங்கே ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றி, 2.8 லென்ஸ் மாட்டுவதே வழி.

ஃபிளாஷே இல்லாமல் ஒரு கட்டம் இருக்கிறது. மெழுகுவத்தி ஏற்றி விளக்கை அணைக்கும் நேரம். இங்கே ஃபிளாஷ் அடிப்பவர் அந்த ஒளியைக் கொன்றுவிடுகிறார். பத்துப் பன்னிரண்டு மெழுகுவத்தி எரியும் கேக்குக்கு ஐஎஸ்ஓ 1600, எஃப் 1.8, ஷட்டர் 60இல் ஒரு பங்கு ஓரளவு சரியாக வரும். இதையே எஃப் 5.6இல் எடுக்க ஐஎஸ்ஓ 16000 பக்கம் போக வேண்டும், படம் முழுக்க ரவை கொட்டிய மாதிரி இருக்கும். ஆனால் இப்போது பலரும் வைப்பது '4' என்று எண் வடிவில் ஒரே ஒரு மெழுகுவத்தி. ஒற்றைத் திரியில் 1.8 லென்ஸும் திணறும். ஹால் விளக்கை அணைத்தாலும் சமையலறை விளக்கை எரியவிடச் சொல்லுங்கள். கதவு வழியாக வரும் அந்தக் கொஞ்சம் வெளிச்சம் முகத்தைக் காப்பாற்றும். பட்டாசு மாதிரிச் சீறும் மெழுகுவத்தி என்றால் கணக்கே வேறு, சீறும்போது முகம் வெளுக்கும், அடங்கியதும் கறுக்கும். அப்புறம், திரி எரியும்போது யாரும் ஸ்நோ ஸ்ப்ரே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வாயு தீப்பிடிக்கும்.

வீட்டு எல்இடி விளக்கில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கும்போது படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழுந்தால் கேமராவைப் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 100இலோ 50இலோ ஒரு பங்கில் வைத்தால் பட்டை போய்விடும்.

மொட்டைமாடிக் கொண்டாட்டம் தனிக் கதை. பல்லடம், உடுமலைப் பக்கம் ஆடியில் பிறந்த பிள்ளைகளைக் கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மெழுகுவத்தியை ஏற்றவே விடாது. வெள்ளைக் குடை மாட்டிய ஃபிளாஷ் ஸ்டாண்டை ஒரு தடவை அங்கே நிறுத்தினேன். ஆடிக் காற்றுக்கு அம்மியே பறக்கும்போது குடை எம்மாத்திரம், பக்கத்து வீட்டுத் தென்னையில் போய் நின்றது. அங்கே 35 எஃப் 1.8ஐ மாட்டி, சூரியன் இறங்குமுன் கேக்கை வெட்டச் சொல்வதுதான் உத்தமம்.

சாளைக்கு வருகிறேன். இந்த வருஷம் தையில் அம்மிணிக்கு நாலு முடிந்தது. இந்த முறை 35ஐயும் அதே ஃபிளாஷையும் கொண்டுபோனேன். புதிதாக எதுவும் வாங்கவில்லை. அம்மிணியின் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, உடுத்தத் துவைத்து வைத்திருந்த எட்டு முழ வேட்டியை வாங்கி, கேக் மேசைக்கு இடப்பக்கம் கொடிக்கயிற்றில் விரித்துத் தொங்கவிட்டேன். ஃபிளாஷை மேலே பார்க்காமல் வேட்டியைப் பார்க்கத் திருப்பி, ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8. பெரிய ஜன்னல் ஒன்று சாளைக்குள் திறந்த மாதிரி வெளிச்சம். அம்மிணி முகம், அதன்மேல் கேக் க்ரீம், பின்னால் அமுச்சியின் மூக்குத்தி வரை எல்லாம் இருந்தது. அமுச்சிக்குத்தான் திருப்தியில்லை. "கண்ணுல அடிக்காத சாமி, வேட்டில என்னத்தடா அடிக்கற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வேட்டியில் சாக்லேட் கை ஒன்று பதிந்துவிட்டது. அப்பாரு இரண்டு நாள் கழித்து அக்காவிடம் சொல்லி அனுப்பினார்: அடுத்த வருஷத்துக்கு ஈரோட்டுச் சந்தையில் தம்பியையே ஒரு வேட்டி எடுத்துக்கொண்டு வரச் சொல்லு.