பழைய காரின் மிஸ்ஸிங்கும் இஎல்எம் 327 புளூடூத் ஸ்கேனரும்

காரின் கணினி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீடுகளைப் படித்துக் கைப்பேசியில் காட்டும், இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் இஎல்எம் 327 வகைப் புளூடூத் ஸ்கேனரை, பத்து ஆண்டுகளைத் தாண்டிய பெட்ரோல் காரில் மிஸ்ஸிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போவது) எங்கே என்று கண்டுபிடிப்பதற்காக வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் எந்த சிலிண்டர் எரியாமல் விடுகிறது, எந்த நிலையில் விடுகிறது என்ற இரண்டை மட்டுமே அது சொல்லும். ஏன் விடுகிறது என்பதைக் கையை அழுக்காக்கிக்கொண்டு நாம்தான் தேட வேண்டும். இந்த எல்லையை அறிந்தவருக்கு அது கொடுத்த விலைக்குப் பல மடங்கு பயன் தரும்.

முதலில் எந்த வண்டிக்கு இது பொருந்தும் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். கார்புரேட்டர் கொண்ட அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 போன்றவற்றில் இதைச் செருக இடமே கிடையாது. அங்கே டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பாயிண்ட் இடைவெளி, கண்டென்சர், பிளக் ஒயர் என்று பழைய வழியில்தான் போக வேண்டும். இந்தியாவில் பிஎஸ் 4 என்ற புகை வரம்புக்கு உட்பட்ட கார்களுக்கு, பழுதை வண்டியே கண்டறிந்து பதிய வேண்டும் என்னும் ஓபிடி விதிகளில் ஓபிடி 1 2010 ஏப்ரலிலும், மிஸ்ஸிங்கைக் கண்காணிப்பதையும் உள்ளடக்கிய ஓபிடி 2 விதி 2013 ஏப்ரலிலும் வந்தன. இடைப்பட்ட காலத்து வண்டிகளில் ஸ்கேனரைச் செருகும் பதினாறு ஊசித் துளை இருந்தாலும் ஸ்கேனருக்குப் பதில் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்குவதற்கு முன் நண்பர் ஒருவருடைய கருவியைச் செருகிப் பார்த்துவிடுவது நல்லது.

நான் இதைப் பயன்படுத்தியது சிலிண்டருக்கு ஒரு காயில் (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் பாகம்) கொண்ட, 2014 ஆம் ஆண்டு நான்கு சிலிண்டர் காரில். ஏற்காடு மலைப்பாதையில் ஏறும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்து, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரிந்தது. அந்த லைட் நிலையாக எரிவதற்கும் கண் சிமிட்டுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எரியாத பெட்ரோல் வெளியேறி, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருந்தால்தான் அது சிமிட்டும். அப்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, வண்டியை ஓரங்கட்டுவதே சரி. பிறகு காட்டிய ஒரு பட்டறையில் நான்கு காயில்களையும் பிளக்குகளையும் மாற்றி, இன்ஜெக்டர்களையும் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். எது கெட்டிருக்கிறது என்று சோதிக்காமல் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லும் இந்த வழக்கத்தால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தேவையில்லாமல் பணம் இழக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஸ்கேனரைச் செருகிக் கைப்பேசிச் செயலியில் இணைத்ததும் பி 0302 என்ற கோட் வந்தது. பி 0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் பரவலாக விடுகிறது என்று பொருள். பி 0301 முதல் வரும் கோடுகளில் கடைசி எண்ணே சிலிண்டரின் எண். கிராங்க் ஷாஃப்ட் சென்சார் தரும் சிக்னலில், ஒரு சிலிண்டர் எரிய வேண்டிய தருணத்தில் கிராங்கின் வேகம் நொடிப்பொழுது குறைவதைக் கவனித்தே ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, இதைக் கண்டுபிடிக்கிறது. ஆகவே அது காண்பது வேகக் குறைவை மட்டும்தான். அந்தக் குறைவு காயிலால் வந்ததா, பெட்ரோல் வராததால் வந்ததா, வால்வு சரியாக அமராததால் வந்ததா என்று அதற்குத் தெரியாது.

கோட் எண்ணைவிட எனக்கு மதிப்பாகப்பட்டது ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவு. கோட் பதிவான அந்தக் கணத்தில் ஆர்பிஎம், வேகம், இன்ஜின் சுமை, கூலண்ட் வெப்பநிலை ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதை ஈசியூ சேமித்து வைத்திருக்கும். என் வண்டியில் இன்ஜின் நன்றாகச் சூடேறியிருந்த நிலையில், குறைந்த ஆர்பிஎம்மில், அதிகச் சுமையில் கோட் பதிவாகியிருந்தது. சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்கு இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். பலவீனமான காயிலும் தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் அந்த இடத்தில்தான் கைவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டும் விட்டுப் பிறகு சரியாகிவிடும் வண்டியாக இருந்தால், ஒழுகும் இன்ஜெக்டர், உள்ளே கசியும் கூலண்ட் என்று வேறு பக்கம் தேடியிருப்பேன். கோடை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்து அழிந்துவிடும். வண்டியை விட்டதும் முதல் வேலையாக லைட்டை அணைத்துக் காட்டும் இடங்களில் அழிந்துபோவது இந்தச் சாட்சியம்தான். குறித்துக்கொள்ளாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள்.

செயலி காட்டும் ஃபியூயல் டிரிம் அளவையும் (ஈசியூ தானாகப் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) கவனமாகப் படிக்க வேண்டும். ஐடிலில் டிரிம் மிக உயர்ந்து, ஆர்பிஎம்மை ஏற்றியதும் இறங்கினால், இன்டேக் பக்கம் எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம். மாறாகச் சுமை ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பார்க்கலாம். ஆனால் தீப்பொறி இல்லாமல் விடும் சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் அப்படியே சைலன்ஸர் பக்கம் வந்துவிடுவதால், ஆக்சிஜன் சென்சார் அதைப் பெட்ரோல் குறைவு என்று தவறாக எடுத்துக்கொண்டு டிரிம்மை ஏற்றிவிடும். டிரிம் எண்ணை மட்டும் பார்த்து இன்ஜெக்டர் சுத்தம் செய்யக் கிளம்புகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொல்வதன் காரணம் வேறாக இருக்கிறது.

அடுத்த சோதனைக்கு எந்தச் செலவும் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதை இரண்டாவதற்கும் மாற்றிப் பொருத்தி, கோடை அழித்து, அதே சுமையில் மீண்டும் ஓட்ட வேண்டும். கோட் பி 0303 என்று மாறினால் குற்றம் காயிலுடையது. மாறாவிட்டால் அடுத்துப் பிளக், அதற்கடுத்து இன்ஜெக்டர். என் வண்டியில் கோட் காயிலோடு நகர்ந்தது. காயிலை எடுத்தபோதே பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்ததையும், பிளக்கின் பீங்கான் மீது மெல்லிய கருங்கோடு ஓடியிருந்ததையும் பார்த்தேன். டேப்பட் கவர் பேக்கிங் (இன்ஜினின் மேல் மூடியை அடைக்கும் ரப்பர்) பழுதாகி ஒழுகிய எண்ணெயில் காயிலின் ரப்பர் ஊறி, தீப்பொறி பக்கவாட்டில் தாவியிருக்கிறது. இந்தக் கருங்கோடு விழுந்தால் பிளக், ரப்பர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒன்றை விட்டுவைத்தால் அது மற்றதையும் கெடுத்துவிடும். பேக்கிங்கை மாற்றாமல் காயிலை மட்டும் மாற்றியிருந்தால் சில மாதங்களில் அதே கோட் திரும்பியிருக்கும். இதையெல்லாம் ஸ்கேனர் சொல்லவில்லை. எந்தக் குழிக்குள் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றையும் மாற்றிப் போட்டும் கோட் அந்த சிலிண்டரிலேயே நின்றால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் போவதே முறை. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பல ஆண்டுகள் கேஸில் ஓடிய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து, டேப்பட் இடைவெளி குறைந்து, வால்வு முழுதாக மூடாமல் போவது உண்டு. அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் காயிலில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

கருவியின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஎல்எம் 327 என்பது கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய சிப். முதல் பதிப்புக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பாதுகாப்பு இல்லாததால் அதன் போலிகள் உலகெங்கும் பரவின, அந்த நிறுவனமும் 2022 இல் மூடப்பட்டது. சந்தையில் பதிப்பு 1.5 என்று அச்சிட்டு விற்கப்படுபவை அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத எண்ணைத் தாங்கியவை. இத்தகைய நகல்கள் கோடையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் படிக்கப் போதும் என்றாலும், பல அளவுகளை ஒரே நேரத்தில் கேட்டால் வேகம் மிகவும் குறைந்துவிடுகிறது. டிரிம்மைப் பார்க்கும்போது இரண்டு மூன்று அளவுகளோடு நிறுத்திக்கொண்டால் எண்கள் தடுமாறாமல் வருகின்றன. ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரணப் புளூடூத் வகையை வாங்கக் கூடாது, வைஃபை அல்லது புளூடூத் குறைசக்தி வகையையே வாங்க வேண்டும். ஸ்கேனரைச் செருகும் துளைக்கு, வண்டிச் சாவியை எடுத்த பின்னும் பேட்டரியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்பதால், பழைய பேட்டரி உள்ள வண்டியில் வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.